தண்ணீருக்குள் நடக்கிற அம்மா

மே 4

இன்று கத்திரி தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் இனி ஒரு மாதத்துக்குப் பகல் தலைகீழ்.

விடிவதற்கு முன்பே எழுந்து, மைதீன் அண்ணன் ஆட்டோவில் குறுக்குத்துறைக்குப் போய் அம்மாவை ஆற்றில் இறக்க வேண்டும். கரையேற்றி வீட்டுக்கு வந்து, வெயில் ஏறுவதற்குள் சமைத்துச் சாப்பிட்டு, ஜன்னல்களில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டுப் பாயை விரித்துவிட வேண்டும். சாயங்காலம் அம்மாவிடம் கணக்கு டியூஷன் படிக்கிற பிள்ளைகள் வரும்வரை யாரும் நடமாடக் கூடாது. சட்டங்களைப் போட்டவள் நான். அப்பாவும் அம்மாவும் என் ஆட்சியில் அடங்கிய குடிமக்கள்.

அம்மாவுக்கு இருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது வந்தது. தெருவில் எல்லோரும் வாதம் என்றார்கள். வாதம் இல்லை, வாதம் இல்லை என்று வீடு வீடாகச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் மைதீன் அண்ணன்தான் ஊருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "வயருக்கு மேல இருக்க ரப்பரு அங்கங்க உரிஞ்சு போனா என்ன ஆவும்? கரண்டு ஒழுங்கா போய்ச் சேராதுல்லா. அக்காவுக்கு நரம்புல அப்படி." நரம்பு டாக்டரிடம் இதை ஒப்பித்தேன். அவரும் சரிதான் என்றார்.

இந்த நோய் திடீரென்று வரும், சில மாதம் ஆட்டிவைக்கும், பிறகு கொஞ்சம் விலகிப் போகும். போகும்போது எதைத் திருப்பிக் கொடுக்கும், எதை வைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. சூடு பட்டால் இருக்கிற தொல்லையெல்லாம் கூடும். "உடம்பு சூடாகாம பாத்துக்கோங்க" என்றார் டாக்டர். திருநெல்வேலியில் குடியிருக்கிறவளிடம் இப்படிச் சொல்வது மீனைப் பார்த்து நனையாதே என்பது மாதிரி.

ஆற்றில் அம்மா வேறு ஆள். கைத்தடியை மைதீன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்து இறங்குவாள். வலது கால் படியில் இழுபடும். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் கால் நிமிர்ந்துகொள்ளும். அப்புறம் நடப்பாள். அந்த நேரத்தில் ஆற்றுக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். அம்மா இரண்டுக்கும் நடுவில் போய்க்கொண்டே இருப்பாள், புடவை அவளைச் சுற்றி விரிந்து மிதக்கும். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி கூடவே போவேன். ஒருநாளும் விட்டதில்லை.

மே 6

வெயில். அம்மா தூங்கினாள். நானும் தூங்கினேன்.

மே 8

பிளஸ் டூ முடிவு வந்தது. மார்க்கை இங்கே எழுதப் போவதில்லை. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அப்பா அரசு பஸ் டிரைவர், மதுரை வண்டி. ஒருநாள் டூட்டி, ஒருநாள் வீடு. இன்று வீட்டில் இருந்தார். அல்வா வாங்கிவந்து என் வாயில் அவரே ஊட்டினார்.

"அப்ப காட்டுப் படிப்புதானட்டி?" என்றாள் அம்மா.

வனவியலைத்தான் அப்படிச் சொல்கிறாள். அந்தக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் எங்களை முண்டந்துறைக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு வன அலுவலர், பெண்தான், கண்ணை மூடிக்கொண்டு பட்டையைத் தடவியே மரத்தின் பெயரைச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதையேதான் பேசினேன் என்கிறாள் அம்மா. எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. மருத மரத்தின் பட்டை வழவழவென்று இருக்கும், வேங்கைக்குச் சொரசொரப்பு, வெட்டினால் சிவப்பாகக் கசியும். அதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் இல்லை.

"மேட்டுப்பாளையத்துக்கு யாரு போவா? பாளையங்கோட்டையிலயே தாவரவியல் படிக்கேன். ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

"ஒண்ணுதான். ஆட்டுக்குட்டியும் புலியும்கூட ஒண்ணுதான், நாலு காலு" என்றாள்.

அப்பா அல்வாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு லாரிக்கு நடுவில் வண்டியை நுழைக்காத டிரைவர் அவர்.

நான் போய்விட்டால் என்ன ஆகும் என்று இவர்கள் யோசிக்கவே மாட்டார்களா? நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு இரண்டு கையும் மரத்துப்போனது. விரல் இருக்கிறது, ஆனால் விரலுக்குள் யாரும் இல்லை என்பாள். அன்றிலிருந்து அவளுக்குச் சடை போடுவது, ஊக்கு மாட்டுவது, காய் நறுக்குவது, டியூஷன் பலகையில் கணக்கு எழுதிப் போடுவது எல்லாம் நான். டீயைக்கூட அரை டம்ளர்தான் ஊற்றுவேன், நிறைய ஊற்றினால் சிந்திவிடும். அம்மாவின் கை நான்தான். கையை மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டு அவள் என்ன செய்வாள்?

அதனால் பாளையங்கோட்டை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

மே 12

மத்தியானம் போர்வைகள் வழியாக வெளிச்சம் பச்சையாக உள்ளே வந்தது. மின்விசிறிக் காற்று ஈரத்தில் பட்டு மெதுவாகத் திரும்பியது. இந்த நேரத்தில் நானும் அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டே பேசுவோம்.

"இப்ப எப்படி இருக்கு?"

"காலு ரெண்டும் பக்கத்து வீட்டுல எரவல் வாங்குனது மாதிரி இருக்கு."

"எரவல் வாங்குனத சூதானமா வச்சிக்கிடணும்லா."

"அதான் அசைக்காம வச்சிருக்கேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இடுப்பச் சுத்தி யாரோ இறுக்கிப் பிடிக்காவ" என்றாள்.

"யாரு?"

"தெரியல. பிரியமான ஆளுதான் போல. விடமாட்டேங்காவ."

அதற்குச் சிரித்தோம். அப்படியே தூங்கிப்போனேன். கனவில் அறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டு வந்தது. பச்சைத் தண்ணீர். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கெண்டை மீன்கள் போய்வந்தன. அம்மா எழுந்து தண்ணீருக்குள் நடந்தாள், ஜன்னல் பக்கம் போனாள், திரும்பிப் பார்த்து வா என்று கை காட்டினாள். எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். ஆனாலும் நான் பாயை விட்டு இறங்கவில்லை. விழித்தபோது தலையணை ஓரம் நனைந்திருந்தது. போர்வையிலிருந்து சொட்டியிருக்கும்.

மே 15

காலையில் ஷீபா வீட்டுக்குப் போனேன். பள்ளியில் என்னோடு ஒன்றாக உட்கார்ந்தவள், நர்சிங் சேரப் போகிறாள். சொன்ன நேரத்துக்கு முன்னால் திரும்பிவிட்டேன். அடுக்களையில் ஒரு தட்டு நிறைய பீன்ஸ் நறுக்கி வைத்திருந்தது. பொடிப்பொடியாக, எல்லாம் ஒரே அளவில். நான் நறுக்கினால் அப்படி வராது.

"யாரு நறுக்குனா?"

"ஜெபமணி வந்தா" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த வீட்டு ஜெபமணி அத்தை மகளின் பிரசவத்துக்காக நாசரேத்துக்குப் போயிருந்தார்கள். எப்போது திரும்பி வந்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். அவர்கள் வீட்டுக் கதவில் இன்னும் பூட்டுதான் தொங்குகிறது.

மே 19

ரேஷன் கடையில் கூட்டம், வர நேரமாகிவிட்டது. வந்தபோது டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பலகையில் வட்டமும் தொடுகோடும் அழகாக வரைந்து, கீழே கணக்கு எழுதியிருந்தது. பிள்ளைகள் எழுதியிருப்பார்கள். ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவது அம்மாவின் பழக்கம். பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள் போலிருக்கிறது.

பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை நான் எழுதினேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். எப்போதும் போல.

மே 24

எனக்குக் காய்ச்சல். ஆற்றுக்குப் போக முடியவில்லை. அம்மாவும் போகமாட்டாள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஈரத்தலையோடு, முகமெல்லாம் வெளிச்சமாக அம்மா இறங்கினாள்.

"யாரு பிடிச்சிக்கிட்டா?" என்று மைதீன் அண்ணனைக் கேட்டேன்.

"படியில நான் பிடிச்சேன். தண்ணிக்குள்ள அக்கா தனியாத்தான் நடந்தாவ. அந்தாக்குல நடு ஆத்துப் பாறை வரைக்கும் போயிட்டாவன்னா பாத்துக்கோ. நான் கரையில நின்னு சத்தம் போட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல." அவருக்கு ஒரே பெருமை.

நான் கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பகல் முழுக்கப் பேசவில்லை. தொண்டை வலி. கோபமெல்லாம் ஒன்றுமில்லை.

ஜூன் 3

அப்பா என்னைக் கேட்காமலேயே வனவியலுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். "கெடந்துட்டுப் போட்டும். கெடைச்சா பாப்போம்" என்றார். பாளையங்கோட்டைக் கல்லூரிக்கும் போட்டிருக்கிறோம். வனவியல் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். கிடைக்காவிட்டால் நல்லது.

ஜூன் 11

கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. நேற்று பகல் முழுக்கக் கரண்டும் இல்லை. அம்மா வலது கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றாள்.

இன்று காலை முற்றத்துச் செம்பருத்தியைப் பார்த்து ஒரு கண்ணை மூடினாள். பிறகு அடுத்த கண்ணை மூடினாள். திரும்பத் திரும்ப அதையே செய்தாள்.

"என்னம்மா?"

"இந்தக் கண்ணுல செவப்பு வெளுத்துப் போச்சுட்டி. பழைய செங்கல் மாதிரி தெரியுது."

டாக்டர் பார்த்துவிட்டு உடனே சேர்க்கச் சொன்னார். கண் நரம்பில் வந்திருக்கிறது. சில நாள் டிரிப்பில் மருந்து ஏற்ற வேண்டும். அப்பா விடுப்புக்கு அலைகிறார். நான் துணி எடுத்துவைத்தேன். ஆஸ்பத்திரிப் பையில் என்னென்ன வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த முறை எதை வைத்துக்கொள்ளும்?

ஜூன் 12

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். "வந்துட்டியா ஆவுடை" என்றார் நர்ஸ் அக்கா. எந்தக் கையில் நரம்பு நன்றாக எழும்பும், எந்த மாத்திரை வயிற்றைப் புரட்டும் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். நான் ஓடியாடிச் செய்கிறேன். சோர்வு போன இடம் தெரியவில்லை. சொல்லப்போனால், போன மாதம் முழுக்க இல்லாத தெம்பு இப்போது வந்திருக்கிறது.

"பாளையங்கோட்டையிலதான் சேரப்போறேன். முடிவு பண்ணியாச்சு" என்று அம்மாவின் காதருகே சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மருந்து மயக்கமாக இருக்கும்.

ஜூன் 14

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு நிலை. வார்டில் சத்தமே இல்லை. டிரிப் சொட்டுவது மட்டும் தெரிந்தது. எங்கிருந்தோ ஆரஞ்சு வாசனை வந்தது. கண்ணைப் பாதி திறந்தேன்.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். டிரிப் ஏறுகிற கையில் பழத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கை நகத்தால் தோலைக் கீறி, சுருள் சுருளாக எடுத்தாள். சுளையைப் பிரித்தாள். சுளை மேலிருந்த வெள்ளை நாரை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் உருவினாள். கொட்டையைத் துப்பித் தாளில் மடித்து வைத்தாள். பிறகு நைட்டியின் மேல் பொத்தான் திறந்திருந்ததைப் பார்த்து, ஒரு கையாலேயே அதைப் போட்டுக்கொண்டாள்.

காலையில் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டது நான். அந்த ஆரஞ்சை உரித்துக் கொடுக்கத்தான் வாங்கி வந்திருந்தேன்.

கனவு என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் கனவுகள் இப்படித்தான் இருக்கும். ஆனால் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கையில் இருந்த சுளையை மறைக்கப் பார்த்தாள். கனவில் யாரும் அப்படி மறைப்பதில்லை.

"எப்பத்துல இருந்து?" என்று கேட்டேன்.

அவள் மடியில் கிடந்த தோலை ஒதுக்கினாள்.

"கை எப்பத்துல இருந்து நல்லா இருக்கு?"

"நீ பத்தாவது படிக்கையில இருந்து. கொஞ்சங்கொஞ்சமா வந்துச்சு. காலையில நல்லா இருக்கும். வெயில் ஏறுனா விரலு தடுமாறும். ஆனா வந்துட்டு."

"ஏன் சொல்லல நீ?"

அம்மா சுளையைத் தாளில் வைத்தாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் விரலுல சீப்பு பிடிபட்டுச்சு. ஒன்னக் கூப்ட்டுச் சொல்லுவோம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீயே வந்து சீப்ப வாங்கி எனக்கு ரெட்டைச் சடை போட்டுட்டு, கண்ணாடியக் காட்டி எப்படி இருக்குன்னு கேட்ட. ஒன் மொகத்தப் பாத்தேன். நாளைக்குச் சொல்லிக்கிடுவோம்னு விட்டுட்டேன்."

"நாளைக்குன்னா ரெண்டு வருசமா?"

"சொன்னா போயிருமோன்னு பயமா இருந்துச்சுட்டி. வந்துட்டு வந்துட்டுன்னு வாய்விட்டுச் சொல்லி, மறுநாளே கண்ணுபட்டாப்புல போயிட்டுன்னா? ஒன்ன ஏமாத்துனாப்புல ஆவும்லா. நெலைக்கட்டும், சொல்லலாம்னு பாத்தேன். நெலைச்சுச்சு. அதுக்கப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றேன். கை வந்தது நல்ல சேதிதானே. அம்மாவுக்குக் கை வரவேண்டும் என்று எட்டாம் வகுப்பில் எத்தனை கோயிலில் வேண்டியிருப்பேன். வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. யாரோ என் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. இதைவிட அசிங்கமான ஒன்றை நான் எழுதியதில்லை.

ஜூன் 15

பேசவில்லை.

ஜூன் 19

வீட்டுக்கு வந்துவிட்டோம். சிவப்பு பாதி திரும்பியிருக்கிறதாம். மீதியும் வரலாம் என்கிறார் டாக்டர்.

நான் ஒன்றும் செய்யவில்லை. வேண்டுமென்றேதான். காலையில் சீப்பை அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவளே சடை போட்டாள். கோணலாக இருந்தது. கத்தரிக்காயை அவளே நறுக்கினாள். நான் கூடத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டேன். என் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா?

மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனவள் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். ஓடிப்போனேன். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. வெயில் ஏறிவிட்டது. கை வந்தது உண்மை, முழுசாக வரவில்லை என்பதும் உண்மை. நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

"இரு. அத மட்டும் நீ பெருக்கு, கண்ணு சரியாத் தெரியல" என்றாள். "சோறு நான் வடிச்சிருதேன்."

எது வேண்டும், எது வேண்டாம் என்று அம்மா பிரித்துச் சொன்னது இதுதான் முதல்முறை. நான் கேட்டதும் இல்லை.

ஜூலை 10

இடம் கிடைத்துவிட்டது. வனவியல்தான். அப்பா டிப்போவிலிருந்து போன் செய்தார், பின்னால் யாரோ கைதட்டினார்கள். நான் போகமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 11

காலையில் ஆற்றுக்குப் போனோம். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். மேற்கே சாரல் போலிருக்கிறது, காற்றே ஈரமாக வந்தது. இன்னும் சரியாக விடியவில்லை. இழுப்பு அதிகம் என்பதால் படிக்குப் பக்கத்திலேயே கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம். நான் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"நீ போனா எனக்குப் பயமா இருக்கும்" என்றாள் அம்மா.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

"பயமா இருக்குல்லா? பெறகு எதுக்குப் போகச் சொல்லுத?"

"நீ இருந்தாலும் பயந்தான். ஆனா நீ இருந்தா நான் பொய் சொல்லுதேன். கை வந்தாலும் சொல்லமாட்டேங்கேன். அன்னைக்குக் கண்ணு வலிச்சப்பவும் மூணு நாளு கழிச்சுத்தான் சொன்னேன். எல்லாத்துக்கும் ஒன் மொகத்தப் பாக்கேன். நீ வாடுவியோ, நீ சிரிப்பியோன்னு பாத்துதான் எனக்கு என்ன சீக்குன்னு முடிவு பண்ணுதேன். ஒரு மனுசிக்கு அவ ஒடம்பு எப்படி இருக்குன்னு அவளுக்கே தெரியாமப் போயிரும்லா, ஆவுடை."

தண்ணீர் எங்கள் இருவரையும் தள்ளிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லவே கூடாது என்று இந்த நோட்டில்கூட எழுதாமல் இருந்தேன்.

"எனக்குப் போகணும்மா. ரொம்ப ஆசையா இருக்கு. ஆசையா இருக்கதுதான் பயமா இருக்கு. நான் அங்க சிரிச்சிட்டு இருக்கையில நீ இங்க விழுந்து கெடந்தா?"

"விழுந்தா சொல்லுதேன்."

"சொல்லமாட்ட."

"போன்ல சொல்லுவேன். மொகம் தெரியாதுல்லா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீடியோவுல மட்டும் கூப்டாத. மொகத்தப் பாத்தா பழையபடி பொய்தான் வரும். ரெண்டு பேருக்கும்" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போன் வாங்குகிறார்கள். பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம் போடுகிற அம்மாவும் மகளும் நாங்களாகத்தான் இருப்போம்.

"நான் வான்னு சொன்னா வரணும்" என்றாள். "சொல்லலன்னா வரக் கூடாது. சரியா?"

சரி என்றேன். படியில் மைதீன் அண்ணன் இருமினார், வெயில் வருகிறது என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 24

நாளை கிளம்புகிறேன். ஜெபமணி அத்தை நாசரேத்திலிருந்து வந்துவிட்டார்கள். வீட்டுச் சாவி ஒன்று அவர்களிடம். அம்மாவுக்குப் போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவே என் பெட்டியை அடுக்கினாள். மழைக்கோட்டைத் தேடித்தேடி வாங்கியிருக்கிறாள். திருநெல்வேலிக் கடைகளில் அதைக் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம்.

செப்டம்பர் 6

இங்கே மேகம் மரத்தடிக்கே இறங்கி வந்துவிடுகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் மலை இருக்கும், பல் துலக்கிவிட்டு வந்தால் மலையைக் காணோம். நாற்றங்காலில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு வரிசை கொடுத்திருக்கிறார்கள். என் வரிசையில் தேக்கு. தினமும் போய்ப் பார்க்கிறேன். பக்கத்து வரிசைக்காரி என்னைப் பார்த்து, நீ போய்ப் பார்க்கிறதால் அது வளராது என்கிறாள்.

முதல் வாரம் விடியும் முன்பே விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்து யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பேன். ஒன்றும் இருக்காது. நேற்று வெயில் ஏறும்வரை தூங்கிவிட்டேன். குற்றவாளி மாதிரி எழுந்தேன். பிறகு நன்றாகப் பசித்தது.

அம்மா தினமும் சாயங்காலம் பேசுகிறாள். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றே சொல்கிறாள். குரலை வைத்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நம்பவும் முடியவில்லை.

செப்டம்பர் 21

ஞாயிறு. காலையிலிருந்து மழை. மத்தியானம் போன் அடித்தது. அம்மா மத்தியானத்தில் கூப்பிடுவதே இல்லை.

"விழுந்துட்டேன்" என்றாள்.

"எங்க?"

"அடுக்களையில. தலையில எல்லாம் அடிபடல. முட்டிதான் லேசா."

"அப்பா?"

"மதுரையில இருக்காவ."

"எந்திரிச்சிட்டியா?"

"இல்ல. இப்பமும் கீழதான் கெடக்கேன். காலு வரமாட்டேங்கு. ஜெபமணியக் கூப்டாச்சு, கோயில்ல இருந்து கெளம்பிட்டா. வந்துருவா. அவ வாரதுக்குள்ள ஒன்கிட்டச் சொல்லிருவோம்னு கூப்ட்டேன்."

அலமாரியிலிருந்து பையை எடுத்துவிட்டேன். திருநெல்வேலிக்கு எந்த பஸ், எங்கே மாறவேண்டும் என்று மனசு தானாகவே ஓடியது.

"வரட்டா?"

அம்மா உண்மையாகவே யோசித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அவள் மூச்சு விடுவது கேட்டது.

"வேண்டாம்" என்றாள். "ஆனா வச்சிராத. ஜெபமணி வார வரைக்கும் பேசிட்டு இரு. தனியா கெடக்க பயமா இருக்கு."

பையைக் கட்டிலில் போட்டேன். பிறகு என்னமோ தோன்றி, தாழ்வான ஜன்னலுக்குப் பக்கத்தில் நானும் தரையில் படுத்துக்கொண்டேன். அறைத்தோழி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அம்மா கீழே கிடந்தாள், நான் கீழே கிடந்தேன், நடுவில் எத்தனையோ ஊர்கள் இருந்தன.

"அங்க மழையா? சத்தம் கேக்கு."

"ஆமா. தகரத்து மேல விழுது. மலையக் காணோம்."

"எங்க போச்சு?"

"மேகத்துக்குள்ள. கீழ மரம் மட்டும் தெரியுது. கருப்பா இருக்கு, நனைஞ்சு."

"என்ன மரம்?"

சொன்னேன். ஜன்னல் வழியாகத் தெரிந்த மரங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பட்டை எப்படி, இலை எப்படி, மழையில் எந்த மரம் எப்படி வாசனை வீசும் என்றெல்லாம் சொன்னேன். அவள் உம், உம் என்றாள். ஒரு மரத்தின் பெயர் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். படிக்கத்தானே போயிருக்க என்றாள்.

அங்கே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "ஏ கோமதி" என்று ஜெபமணி அத்தையின் குரல், செருப்பைக் கழற்றாமலேயே ஓடிவருகிற சத்தம்.

"வந்துட்டா. வச்சிருதேன்" என்றாள் அம்மா.

அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். பிறகு பையை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.